ராட்சசிக்கு நிற்கும் வரிசை

ஜூன் 3, திங்கள்

டீம் அவுட்டிங் அறிவித்துவிட்டார்கள். இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை, பொள்ளாச்சி ரோட்டில் இருக்கும் மின்மினி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்கா. எங்கள் டீம் லீடர் ஜெரால்டு சம்பள உயர்வு அறிவிப்பதைப் போல மேஜையைத் தட்டிச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். "தண்ணியில எறங்க நைலான் டிரஸ்தான் போடோணுமாமா. என்ற சைஸுக்குக் கெடைக்குமான்னு மொதல்ல கேட்டுச் சொல்லுங்க" என்றான் லோகு. டீமிலேயே பெரிய உடம்பு அவனுக்குத்தான். யாரும் சொல்வதற்கு முன் அவனே சொல்லிவிடுவான்.

லீவு போட்டுவிடலாம் என்று நினைத்தேன். மெத்தை கம்பெனி ஒன்றுக்கு வரும் புகார் அழைப்புகளை எடுப்பது எங்கள் வேலை. நான் சேர்ந்து நாலு வருடமாகிறது. என் இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கை என்பது பக்கத்து சீட் பர்வீனைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. பதினாறு வயதில், டவுன் பஸ்ஸின் பின் சக்கரம். அதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் போகிற போக்கு எனக்கு ஆகாது. அதனால் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஜீன்ஸ் போட்டால் யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து சும்மா பூங்காவின் இணையதளத்தைப் பார்த்தேன். "கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், மது அருந்தியவர்கள், உடல் ஊனமுற்றோர் ஆகியோருக்கு ரைடுகளில் அனுமதி இல்லை." குடித்தவனுக்கு மறுநாள் தெளிந்துவிடும். கர்ப்பிணிக்குப் பத்து மாதம். எனக்கு மட்டும் ஆயுள் தண்டனையா.

லீவு போடவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

மதிய இடைவேளையில் பூங்காவுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். செயற்கைக் கால் போட்டிருக்கிறேன், ராட்சசியில் ஏறலாமா என்று கேட்டேன். ராட்சசி என்பது அவர்களுடைய ரோலர் கோஸ்டர். விளம்பரப் பலகைகளில் எல்லாம் அதுதான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

"தாராளமா வாங்க மேடம். வயசானவங்கெல்லாம் வர்றாங்க. உக்காந்து பாக்க நெழல் போட்டிருக்கோம்."

"பாக்கறதுக்கு இல்லைங்க. ஏறறதுக்கு."

"ஒரு நிமிசம் லைன்ல இருங்க மேடம்."

பாட்டு ஓடியது. பிறகு பாட்டும் இல்லை.

மறுபடி போட்டேன். இந்தத் தடவை ஓர் ஆண் எடுத்தார். டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவந்தால் ஏறலாம் என்றார்.

"எந்த டாக்டருங்க?"

"எந்த டாக்டர்னாலும் சரிங்க."

"பல் டாக்டர்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "கவர்மெண்ட் டாக்டரா இருந்தா நல்லதுங்க."

ஜூன் 6, வியாழன்

மழை. லைனர் காயவில்லை. தோலுக்கும் செயற்கைக் காலுக்கும் நடுவே போடும் ரப்பர் உறை அது. தினமும் துவைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். ஈரத்தோடே போட்டுக்கொண்டு போனேன். நாள் முழுக்க நசநசவென்று இருந்தது.

ஜூன் 8, சனி

மூன்றாவது போன். முதல் நாள் எடுத்த பெண்ணேதான்.

"உங்க உணர்வு எனக்கு முழுசா புரியுது மேடம்" என்று ஆரம்பித்தாள். எங்கள் பயிற்சியில் இது மூன்றாம் நாள் பாடம். மறுக்கப் போகிறோம் என்றால் முதலில் உணர்வைப் புரிந்துகொள்ள வேண்டும். அவளுக்கும் எனக்கும் ஒரே ஆள்தான் சொல்லிக்கொடுத்திருப்பாரோ என்னவோ.

காலைக் கழற்றிவிட்டு ஏறலாமாம். கழற்றிய காலைச் செருப்பு வைக்கும் கவுண்டரில் டோக்கன் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்வார்களாம்.

"கழட்டிட்டா நான் ரைடு வரைக்கும் எப்படிப் போறதுங்க?"

"கூட வர்றவங்க தூக்கிட்டு வரலாம் மேடம்."

"என் கூட வர்றவ நாப்பது கிலோ."

"வேற ஏதாவது உதவி வேணுங்களா மேடம்?"

போனை வைத்துவிட்டு என் சீட்டுக்குப் போனேன். கரூரிலிருந்து ஒருவர் அழைத்தார். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்காக வாங்கிய மெத்தை மிகவும் அமுங்குகிறது, முதுகில் புண் வந்துவிட்டது, மாற்றித் தர வேண்டும் என்றார். உறையைப் பிரித்துவிட்டார். பிரித்த மெத்தையைத் திரும்ப எடுக்கக் கூடாது என்பது விதி. அவர் சத்தம் போட்டார். நான் போடவில்லை. அழைப்பின் பதிவைக் கேட்ட ஜெரால்டு, குரல் உயரவே இல்லை என்று பாராட்டி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் போட்டுக் காட்டப்போவதாகச் சொன்னார்.

சாயங்காலம் பர்வீனிடம் பூங்காக்காரர்களைத் திட்டித் தீர்த்தேன். மனசாட்சி இல்லாதவர்கள், எழுதி வைத்ததை ஒப்பிக்கிறார்கள் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். தலைவலியாக இருக்கும்.

ஜூன் 10, திங்கள்

போனில் பேசிப் பயனில்லை. மின்னஞ்சல் அனுப்பினேன். இருபத்திரண்டாம் தேதி வருகிறேன், காலைக் கழற்ற மாட்டேன், ஒரு பெல்ட் போட்டு இறுக்கிக்கொள்வேன், மற்றவர்களோடு அதே வரிசையில் நின்று ஏற வேண்டும், முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். வெறும் கௌசிகா என்று போட்டால் குப்பைக்குப் போகும் என்பதால் எங்கள் கம்பெனிப் பெயரையும் சேர்த்து எழுதினேன்.

அம்மா எனக்குப் புதுப் பேன்ட் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு வேலை பனியன் கம்பெனியில். என் பேன்ட்டுகளை மட்டும் வீட்டில் அவளே தைப்பாள். இடது பக்கம் அரை இஞ்ச் கூடுதலாக விட்டு வெட்டுவாள், கணுக்கால் கிட்டே துருத்திக்கொண்டு தெரியாமல் இருக்க. பூங்காவுக்கு எழுதியிருக்கிறேன் என்றதும் மெஷின் நின்றது.

"ஏன் கண்ணு, போனமா, ஓரமா உக்காந்தமா, பஜ்ஜி தின்னமா, வந்தமான்னு இருக்க மாட்டியா?"

"என்னால முடியும்கிறப்ப எதுக்கும்மா ஓரமா உக்காரோணும்?"

"அது தெரிஞ்சா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. தரகர் வேற போன வாரம்தான் பேசியிருக்காரு." என் காலை அம்மா 'அது' என்றுதான் சொல்வாள்.

ஜூன் 16, ஞாயிறு

பதில் இல்லை. இன்னும் ஆறு நாளில் ஆஃபீஸ்காரர்கள் முன்னால் என்னை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த அவமானம் எப்படியும் வரும் என்றால் தெரியாதவர்கள் முன்னால் முதலில் வந்து தொலையட்டும். பர்வீனைக் கிளப்பிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். அவமானத்துக்கு ஒத்திகை பார்க்கப் போனவள் கோயம்புத்தூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள், தின்பண்டம் இருக்கிறதா என்று. கையில் நீல நிறப் பட்டை கட்டினார்கள். ராட்சசி வரிசையில் முக்கால் மணி நேரம். உயரம் அளக்கும் கம்பு, உடம்பைத் தடவிப் பார்க்கும் காவலாளி, போன் வைக்கும் பெட்டி எல்லாவற்றையும் தாண்டினேன். யாரும் காலைப் பார்க்கவில்லை. இருக்கையில் உட்கார்ந்ததும் மடியில் கம்பி இறங்கியது. ஏறினேன். இறங்கினேன். நன்றாகத்தான் இருந்தது.

கால் அசையவில்லை, கழன்று எவன் தலையிலும் விழவில்லை. அதைப் பார்க்கத்தானே போனேன்.

கீழே வந்ததும் பர்வீன் எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டையும் எனக்கே விட்டுவிட்டாள். துப்பட்டாவை ஊறப்போட வேண்டும்.

ஜூன் 18, செவ்வாய்

என் மின்னஞ்சலுக்குப் பதில் வந்துவிட்டது. எனக்கு இல்லை. அவர்கள் எங்கள் கம்பெனி எச்.ஆருக்குப் போன் செய்து, "உங்க குரூப்ல வர்ற ஊனமுற்ற ஸ்டாஃப் யாரு, எத்தனை பேர், வீல்சேர் வேணுமா" என்று கேட்டிருக்கிறார்கள். எச்.ஆர் நந்திதா மேடத்துக்கு உடனே அன்பு பொங்கிவிட்டது. மதியம் எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பினார். நம் குடும்பத்தில் சிறப்புத் திறன் கொண்ட ஒருவர் இருப்பது தெரியவந்துள்ளதாம். அவர் மனம் புண்படாமல் இருக்க அவுட்டிங் ஆனைகட்டி ரிசார்ட்டுக்கு மாற்றப்படுகிறதாம். பஃபே உண்டு, நம்பர் சொல்லி ஆடும் தம்போலா உண்டு, ரைடு கிடையாது.

ஐந்து நிமிடத்தில் டீம் முழுக்க முணுமுணுப்பு. பின் வரிசையில் ஒருவன், "யாரோ ஒருத்தருக்காக முப்பது பேரு தம்போலா ஆடோணுமா" என்றான். லோகு எழுந்து நின்று எல்லோரையும் சுற்றிப் பார்த்தான். "யாருங்க அந்தச் சிறப்புத் திறன்? எனக்கெல்லாம் வருசா வருசம் ஒரு திறனும் இல்லைன்னுதான் அப்ரைசல்ல எழுதறாங்க."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பர்வீன் மட்டும் சிரிக்கவில்லை.

ஜூன் 19, புதன்

காலை மீட்டிங்கில் எழுந்து நின்றேன். பேன்ட்டின் இடது பக்கத்தை முழங்கால் வரை சுருட்டிவிட்டேன். கையிலிருந்த பேனாவால் இரண்டு தட்டு தட்டினேன்.

"நான்தான். எனக்காக யாரும் எடத்தை மாத்த வேண்டாம். ரிசார்ட்டுக்குப் போனா நான் வரமாட்டேன்."

முதலில் வாயைத் திறந்தது லோகுதான். "நெசமாச் சொல்றியா? லிஃப்ட் ரிப்பேரானப்ப என்னையத் தாண்டி மாடிப்படி ஏறிப் போனது இந்தக் காலா? நான் ரெண்டு காலையும் வெச்சுக்கிட்டு மூணாவது மாடியில உக்காந்துட்டனே."

ஜெரால்டு கண் கலங்கியதைப் போல இருந்தது. "முன்னாடியே சொல்லியிருந்தா உனக்குக் கதவுக்குப் பக்கத்துல சீட் போட்டிருப்பனேம்மா." அந்த 'ம்மா' நேற்று வரை கிடையாது.

அவுட்டிங் திரும்ப மின்மினி வேர்ல்டுக்கே என்று மதியம் அறிவிப்பு வந்தது. மூன்று பேர் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். நாலு வருடமாக என் டீயை நானே எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 20, வியாழன்

இன்றும் டீ. கழிப்பறைக்கு எழுந்தால் கூடவே ஒருத்தி எழுகிறாள்.

ஆஃபீஸில் காலைக் காட்டிவிட்டதை நேற்று ராத்திரியே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சாப்பிடாமல் படுத்துவிட்டாள். விடிந்து பார்த்தால் புதுப் பேன்ட் மடித்து என் தலைமாட்டில் இருந்தது. போட்டுப் பார்த்தேன். இடது பக்கம் அரை இஞ்ச் கூட விடவில்லை, இரண்டு பக்கமும் ஒரே அளவு. கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஜூன் 22, சனி

வாசலில் வீல்சேர். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன். பக்கத்தில் மேனேஜர், கையில் ஒற்றை ரோஜா. கேமராவோடு இன்னொருவர்.

"வெல்கம் கௌசிகா மேடம். ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா, எங்க பேஜ்ல போடறதுக்கு?"

"நான் ஏறுனதுக்கு அப்புறம் எடுங்க" என்றேன். வீல்சேரில் டீமின் பைகளை எல்லாம் அடுக்கினோம். அது நாள் முழுக்கச் சுமை வண்டியாக எங்களோடு வந்தது. உபயோகமாகவே இருந்தது.

என் கையில் மட்டும் மஞ்சள் பட்டை கட்டினார்கள். மற்றவர்களுக்கு நீலம். எனக்குக் கட்டணம் இல்லை, வரிசையில் நிற்கத் தேவையில்லை, உணவகத்தில் தனி மேஜை, கழிப்பறையில் சாய்வுதளம் எல்லாம் உண்டு. மஞ்சள் பட்டைக்கு எந்தெந்த ரைடு உண்டு என்று கேட்டேன். பொம்மை ரயில் என்றார் மேனேஜர்.

தனி வழி வேண்டாம் என்று வரிசையிலேயே நின்றேன். எனக்குப் பின்னால் பர்வீனும் எங்கள் டீமும். லோகு ரைடில் ஏற மாட்டான், உயரம் என்றால் அவனுக்கு உயிர் போகும். பைகளுக்குக் காவலாகக் கீழே உட்கார்ந்துகொண்டான். "பயமா இருக்குது, ஏறல" என்றான். யாரும் அவனை ஏன் என்று கேட்கவில்லை, ரோஜாவும் கொடுக்கவில்லை.

மேடையில் சேஃப்டி ஆபீசர் திருமலைசாமி. ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் திருநீறு, கழுத்தில் விசில். என் பட்டையைப் பார்த்ததும் கை நீட்டித் தடுத்தார்.

"மேடம், உங்களுக்கு இது இல்லீங்க."

"ஏனுங்க?"

"ரைடு வேகத்துல அது கழண்டு கீழ இருக்கறவங்க மேல விழுந்தா என்ன பண்றது? ரூல்ஸுங்க."

"இது உள்ள பூட்டு மாதிரி மாட்டியிருக்கு. மேல பெல்ட்டும் போட்டுக்கறேன். உங்க சந்தேகத்துக்கு இழுத்துப் பாருங்க."

அவர் இழுத்துப் பார்க்கவில்லை. காலைப் பார்க்கவே கூச்சப்பட்டார்.

"போன ஞாயித்துக்கெழமை இதே காலோட இதுல ஏறினேன். நீங்கதான் கம்பியைப் பூட்டுனீங்க" என்றேன்.

"அப்ப எங்களுக்குத் தெரியாதில்லீங்க. தெரிஞ்சா விட்டிருக்க மாட்டோம்."

"தெரியாதப்ப கழண்டு விழாதது தெரிஞ்சப்புறம் எப்படிங்க விழும்?"

பின்னால் வரிசை சத்தம் போட ஆரம்பித்தது. அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார். அந்த மனிதர் நல்லவர்தான், அதுதான் எனக்கு ஆத்திரம்.

"இங்க பாரு அம்மிணி. ஒண்ணும் கெட்டுப் போகல. அந்த மஞ்சப் பட்டையைக் கழட்டி வீசிப்போட்டு, வேற டிக்கெட் வாங்கி நீலப் பட்டை கட்டிக்கிட்டு, சாயங்காலமா வந்து நில்லு. நான் பாக்கல. ஏறிட்டுப் போயிரு. உன்னையப் பாத்தா யாருக்கும் தெரியவே தெரியாது."

நாலு வருடமாக நான் செய்ததும் அதுதான்.

"இல்லைங்க. நீங்க பாக்கோணும். பாத்துட்டுத்தான் ஏத்தோணும். இல்லைன்னா ஏத்த மாட்டேன்னு எழுதிக் கொடுங்க."

"எழுதிக் கொடுக்கற அதிகாரமெல்லாம் எனக்கு இல்லீங்க."

"அப்ப நிக்கறேன்."

நின்றேன். அவர் யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்தார். பையன் ஒருவன் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தான். 'பராமரிப்புப் பணி. ரைடு தற்காலிகமாக இயங்காது.' வரிசை முழுவதும் திட்டிக்கொண்டே கலைந்தது. எங்கள் டீமும்தான்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ராட்சசி கத்திக்கொண்டு ஓடுகிறது. போய் நின்றேன். மேடைக்கு நாலு பேர் தூரத்தில் நான் இருந்தபோது மறுபடி பலகை வந்தது. நகர்ந்தேன், ஓடியது. நின்றேன், நின்றுவிட்டது. ஒரு மனுஷியைப் பார்த்தால் பழுதாகிற இயந்திரத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

மாலையில் மேனேஜர் வந்தார். எல்லோரும் போன பிறகு எனக்காகத் தனியாக ஒரு ரவுண்டு விடுகிறாராம், யாருக்கும் சொல்ல வேண்டாமாம். வேண்டாம், வரிசையோடுதான் என்றேன். அவர் கையிலிருந்த ரோஜா வாடியிருந்தது.

திரும்பும் பஸ்ஸின் பின் சீட்டில், அன்று தம்போலாவுக்கு முணுமுணுத்த அதே ஆள், "வந்ததுக்கு ராட்சசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றான். ஜெரால்டு திரும்பி, "உன் கோபம் நியாயம்தாம்மா, ஆனா எல்லாருக்கும் ஒரு நாள்தானே" என்றார். எனக்கும் ஒரு நாள்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

தொடை வரை வலி. நேற்று நின்றதில் தோல் கொப்பளித்துவிட்டது. காலை மாட்டாமல் நாள் முழுக்கப் படுத்திருந்தேன். அம்மா தேங்காயெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். தடவிக்கொண்டே, "ஏத்துனாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"அடுத்த வாரம் போறியா?"

நான் அதுவரை அப்படி யோசித்திருக்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

பர்வீனோடு போனேன். கவுண்டரில் நானே சொல்லி மஞ்சள் பட்டை வாங்கினேன். வரிசை. பலகை. பழுது.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை மனு கொடுத்திருந்தேன். ராட்சசி என்றால் என்ன என்று கேட்டார்கள். ரோலர் கோஸ்டர் என்றேன். "ஏம்மா, பஸ் பாஸ், உதவித்தொகை இப்படி ஏதாச்சும் கேட்டா பரவால்ல" என்றார் அங்கிருந்தவர். மனுவை வாங்கி வேறு மனுக்களுக்கு அடியில் வைத்தார்.

ஜூலை 7, ஞாயிறு

தனியாகப் போனேன். பர்வீன் வீட்டில் விசேஷம். தூறல். திருமலைசாமி மேடையிலிருந்து என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"இன்னைக்குமா அம்மிணி? உனக்கு வேற சோலியே இல்லையா?"

"இருக்குங்க. துணி துவைக்கோணும்."

பழுது. மூன்று தடவை நின்றேன், மூன்று தடவையும் பழுது. பொம்மை ரயிலுக்கு வரச் சொல்லி, பலகை வைக்கும் பையன் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டான். அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டில் லோகு நின்றுகொண்டிருந்தான். பர்வீன் சொல்லியிருக்கிறாள்.

"நான் ஏற மாட்டேன், இப்பவே சொல்லிப்புட்டேன். பை புடிக்கத்தான் வந்தேன்."

"என்கிட்ட பையே இல்லையே."

"அப்ப பஜ்ஜி திங்க வந்தேன்னு வெச்சுக்க."

இன்று நல்ல கூட்டம். தாராபுரத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம், பதினைந்து பேர் இருப்பார்கள், எனக்கு முன்னும் பின்னும் நின்றார்கள். பலகை வந்ததும் அந்தக் குடும்பத்துப் பெரியவர் மேடைக்கு ஏறிப் போனார்.

"என்னங்க இது, இப்பத்தான ஓடுச்சு? நாங்க இதுக்குன்னே வேன் புடிச்சு வந்திருக்கோம்."

திருமலைசாமிக்கு இன்று என்ன ஆனதோ. காலையிலிருந்து எத்தனை பேரிடம் பேச்சு வாங்கினாரோ. "ரைடெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. இந்த அம்மிணி நவுந்தா ஓடும்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்ன விஷயம் என்று கேட்டார்கள். நான் பேன்ட்டைச் சுருட்டிக் காட்டினேன். நியாயம் பேசுவார்கள் என்று ஒரு விநாடி நினைத்துவிட்டேன்.

"ஏம்மா, நீ கொஞ்சம் தள்ளி நின்னுக்க. நாங்க ஒரு ரவுண்டு போயிட்டு வந்தர்றோம்" என்றார் பெரியவர், ரொம்ப மரியாதையாக.

"முடியாதுங்க."

"புடிவாதம் புடிச்சா எப்படி? எங்களுக்கும் புள்ளைக இருக்குதில்ல."

அவர் சம்சாரம் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு மேடையைப் பார்த்துக் கத்தினாள். "ஏனுங்க, அந்தப் புள்ளையையும் சேத்து ஏத்தி உட்டாத்தான் என்னங்க? எல்லாத்துக்கும் ஓடுமில்ல. விழுந்தா அவதான விழப்போறா."

எனக்காகப் பேசிய ஒரே ஆள் இவள்தான். அதுவும் நான் விழுவேன் என்று சொல்லித்தான் பேசினாள். ஆனால் வரிசை அதைப் பிடித்துக்கொண்டது. ஏத்துங்க, ஏத்துங்க என்று கத்தினார்கள். என் மேல் யாருக்கும் அக்கறை கிடையாது, அவர்களுக்கு ரைடு ஓட வேண்டும். லோகு கீழே நின்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான். மேனேஜர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்றும் ஏற்றவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு தாராபுரம் குடும்பம் கவுண்டரில் போட்ட சண்டை வாசல் வரை கேட்டது.

ஜூலை 17, புதன்

ஜெரால்டு கூப்பிட்டுக் கேட்டார், ஒரு மாதமாக என் அழைப்புகள் நீளமாகிவிட்டதாம், மெத்தைகளை மாற்றித் தரச் சொல்லி மேலிடத்துக்கு நிறைய அனுப்புகிறேனாம். அப்படியா, கவனிக்கவில்லை என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

பர்வீன், லோகு, நான் மூன்று பேரும் போனோம். மஞ்சள் பட்டை. வரிசை. மேடை வரை போய்விட்டேன், பலகை வரவில்லை.

திருமலைசாமி கையில் கறுப்பு நிறத்தில் அகலமான ஒரு பெல்ட். சூட்கேஸ் கட்டுவதற்குப் பை விற்கும் கடைகளில் கிடைப்பது.

"மேனேஜர் சொல்லிட்டாருங்க, இதைப் போட்டு ஏத்தி உட்டுருன்னு. ஞாயித்துக்கெழமையானா இது நிக்கறது அவருக்குக் கட்டுப்படியாகல."

"ரூல்ஸை மாத்திட்டாரா? எழுதியிருக்கா?"

"எங்கயும் எழுத வேண்டாம்னுட்டாருங்க. உங்களுக்கு மட்டுந்தான்."

"அப்ப நாளைக்கு என்னை மாதிரி இன்னொருத்தி வந்தா?"

"அவங்களும் வந்து நிக்கட்டும் அம்மிணி. நான் என்ன பண்ணட்டும்." விசிலைக் கையில் உருட்டினார். "வெப்சைட்ல இருக்கற வரியை எடுக்கச் சொல்லி நீங்க எழுதிக்கிட்டே இருங்க. நானும் மீட்டிங்ல ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கறேன். இப்ப உக்காருங்க, பின்னால கூட்டம் நிக்குது."

எழுதிக் கொடுத்தால்தான் உட்காருவேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. தொடை வலித்தது. உட்கார்ந்தேன். நாளைக்கு வருகிறவளை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்த மனு சென்னையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் கமிஷனருக்கு.

அவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முதல் தடவையாக என் காலை நேராகப் பார்த்தார். "எங்க போட்டா வலிக்காதுங்க?" என்று கேட்டார். இடத்தைக் காட்டினேன். பெல்ட்டை இறுக்கி, அசைத்துப் பார்த்து, இன்னொரு துளை இறுக்கினார். பக்கத்தில் பர்வீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது அவள்தான், நான் இல்லை.

கம்பி இறங்கியது. ஓடியது.

இரண்டு நிமிடம் இருக்கும். கண்ணைத் திறக்கவே இல்லை. கத்தியது யார் என்று பர்வீனிடம் கேட்டதற்கு, எலுமிச்சை சோடா வாங்கட்டுமா என்றாள். வண்டி நின்றபோது வாய்க்குள் புளித்துக்கொண்டு வந்தது, பெல்ட்டை அவிழ்க்க முடியவில்லை. திருமலைசாமிதான் வந்து அவிழ்த்தார்.

"இன்னொரு ரவுண்டு போறீங்களா?"

"ஐயோ, வேண்டாங்க."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் கம்பியைப் பூட்டப் போய்விட்டார்.